வெள்ளிக்கிழமைத் தீபாவளி

1

"அங்க நம்மள ஒரு வெளக்கு ஏத்த விட்டானா அண்ணாச்சி? பெறகு இங்க மட்டும் அவனுக்கு எதுக்கு இம்புட்டு எடம் குடுக்கணும்?"

கோவில்பட்டியில் ஒரு புத்தகக் கூட்டம் முடிந்து தேநீர்க் கடையில் நின்றபோது இளைஞர் ஒருவர் என்னிடம் இப்படிக் கேட்டார். நான் பதினான்கு ஆண்டுகள் சவூதியில் இருந்தவன் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். என்னைச் சாட்சியாக அழைக்கிறார். 'அங்கே' என்றால் ஒரு முஸ்லிம் நாடு. 'இங்கே' என்றால் எட்டயபுரம் ரோட்டில் பெட்டிக்கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம். இந்த இரண்டையும் ஒரே தராசின் இரு தட்டுகளில் வைப்பதற்கு என் அனுபவம் படிக்கல்லாகப் பயன்பட வேண்டும் என்பது அவருடைய எதிர்பார்ப்பு.

வளைகுடாவிலிருந்து திரும்பியவர்களின் பண்டிகை நினைவுகள் இன்று இந்த வேலைக்குத்தான் அதிகம் பயன்படுத்தப்படுகின்றன. அந்த நினைவுகளை அவற்றுக்குரிய வரலாற்றில் திரும்ப வைத்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம். நான் வரலாற்றாசிரியன் அல்லன். ஒரு கட்டுமானக் கம்பெனியில் கணக்கு எழுதியவன். ஆகவே என் குடும்பத்தின் கதையை ஓர் ஆவணம்போல எடுத்துக்கொண்டு அதையே எதிராகவும் வாசித்துப் பார்க்கிறேன். இந்த வாசிப்பில் நானும் தப்பப்போவதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2

எங்கள் பக்கத்தில் பண்டிகை என்பது எது? இதில் தொடங்கினால்தான் 'இழந்தது' என்ன என்று கேட்க முடியும்.

கரிசல்காடு வானம் பார்த்த பூமி. புரட்டாசி, ஐப்பசியில் மழை இறங்கினால் விதைப்பு. கம்பு, சோளம், பருத்தி, உளுந்து, பாசி. தீபாவளி வருகிற சமயம் சம்சாரி கையில் காசிருக்காது, காட்டில் வேலையிருக்கும். எங்கள் கிராமத்தில் பெரிய பண்டிகை என்றால் அம்மன் கொடையும் பொங்கலும்தான். தீபாவளி என்பது அரிசி இட்லி தின்கிற நாள். என் அய்யாவுக்கு அதற்குமேல் அதில் ஒரு அர்த்தமும் கிடையாது. நரகாசுரன் கதையெல்லாம் பள்ளிக்கூடத்தில் நான் படித்துவந்து அவருக்குச் சொன்னதுதான். "அப்படியாடா?" என்று கேட்டுக்கொண்டார்.

தீபாவளி எங்கள் வட்டாரத்துக்கு உழைப்பாகவே வந்துசேர்ந்தது. 1920களில் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்கியது. 1923-இல் கல்கத்தா சென்று தொழில் கற்றுவந்த அய்ய நாடார், சண்முக நாடார் ஆகிய இருவரின் பெயர்களை எல்லோரும் அறிவர். மழை குறைந்த, காற்றில் ஈரமில்லாத, விவசாயம் பொய்த்த இந்த நிலம் தீக்குச்சிக்கும் பட்டாசுக்கும் ஏற்றதாக இருந்தது. மழை பெய்யாததை மூலதனமாக மாற்றிய தொழில் என்று இதைச் சொல்லலாம். சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி என்று அது பரவியபோது கிராமத்துப் பிள்ளைகளை விடியுமுன் பஸ் வந்து அள்ளிக்கொண்டு போனது. என் மனைவி ஒன்பது வயதில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவள். (எங்கள் பக்கம் ஆலை என்று யாரும் சொல்வதில்லை, ஆபீஸ்தான்.) பெட்டி ஒட்டினாள், சட்டத்தில் குச்சி அடுக்கினாள். ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி என்ற வாய்ப்பாட்டைப் பதினாறாம் வாய்ப்பாட்டுக்கு முன்னால் கற்றவள். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-இல் வந்தது. அதற்குள் அவளுக்குக் கல்யாணம் நெருங்கிவிட்டது.

தீபாவளி என்றால் உனக்கு என்ன ஞாபகம் என்று பிற்பாடு தம்மாமில் வைத்து அவளிடம் கேட்டேன். "ஆபீசுக்கு லீவு. அன்னைக்கு மட்டும் வெயில் ஏறுற வரைக்கும் தூங்கலாம்" என்றாள்.

இந்தியா முழுவதும் வெடிக்கும் பட்டாசில் பெரும்பங்கைச் செய்துகொடுத்த மண்ணில் தீபாவளி என்பது உறக்கம். இந்த ஒரு பதில் 'பாரம்பரியம்', 'பண்பாட்டு உரிமை' போன்ற சொல்லாடல்களை உடைத்துப் போடுகிறது. பண்டிகை என்பது மதத்தின் பிரதி என்பதற்கு முன்னால் வேலைநேரத்தின் மீதான ஒரு விதிவிலக்கு. யாருக்கு விடுப்பு, யாருடைய உழைப்பில் விடுப்பு என்பதுதான் அதன் முதல் இலக்கணம். நேரமும் தொழில் ஒழுங்கும் பற்றி ஈ.பி. தாம்ப்சன் 1967-இல் எழுதிய கட்டுரை இங்கிலாந்து ஆலைத் தொழிலாளிகளைப் பற்றியது. அதை வாசிக்கையில் எனக்குத் தீப்பெட்டி ஆபீஸ் பஸ்தான் கண்முன் வந்தது.

இன்னொன்றையும் பதிவுசெய்ய வேண்டும். இந்த வட்டாரத்தின் திருவிழாக்கள் ஒற்றை மதத்துக்குள் அடங்கியவை அல்ல. ஆகஸ்ட் 15 காமநாயக்கன்பட்டி பரலோக மாதா திருவிழாவுக்கு எல்லாச் சனங்களும்தான் போனார்கள். எட்டயபுரத்தில் சீறாப்புராணம் தந்த உமறுப்புலவரின் அடக்கத்தலம் இருக்கிறது. எங்கள் அம்மா கழுகுமலைக்கு முடியிறக்கப் போகிற அதே மனசோடு அங்கும் நின்று கும்பிட்டிருக்கிறாள். 'நம்ம பண்டிகை', 'அவங்க பண்டிகை' என்ற பிரிவினை அவளிடம் இருந்தது. ஆனால் அது வேலியாக இல்லை, வரப்பாக இருந்தது. வரப்பு மேல் நடந்து போகலாம்.

3

அரேபியாவுக்கு நான் எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்பதும் ஒரு பண்டிகை சம்பந்தப்பட்ட விஷயம்தான்.

1938 மார்ச்சில் தம்மாமின் ஏழாம் எண் கிணற்றில் வணிக அளவில் எண்ணெய் கிடைத்தது. 1973-இல் விலை நான்கு மடங்கு ஏறிய பிறகு நகரங்களைக் கட்ட ஆள் தேவைப்பட்டது. இந்தியாவில் 1983-இல் குடிபெயர்வுச் சட்டம் வந்தது. படிப்பில்லாதவனுக்குக் குடிபெயர்வுச் சோதனை, படித்தவனுக்குச் சோதனையில்லை. இந்திய அரசே தன் மக்களைத் தரம் பிரித்து அனுப்பியது. 1990 ஆகஸ்ட் 2-இல் ஈராக் குவைத்துக்குள் புகுந்தது. அங்கிருந்த இந்தியர்கள் பாலைவனம் கடந்து ஜோர்டானின் அம்மானுக்கு வந்தார்கள். ஆகஸ்ட் 13 தொடங்கி அக்டோபர் 11 வரை ஏர் இந்தியா விமானங்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை பம்பாய்க்கு அள்ளிவந்தன. என் மனைவியின் அண்ணன் அதில் ஒருவர். அந்தத் தீபாவளிக்கு அவர் கட்டிய வேட்டியோடு ஊரில் இருந்தார். இனி யாரும் அந்தப் பக்கம் போகமாட்டார்கள் என்றுதான் ஊரே நினைத்தது.

ஆனால் அதே 1990-இல் இன்னொன்று நடந்தது. போரில் ஏமன் அரசு எடுத்த நிலைப்பாட்டுக்காகச் சவூதி அரேபியா ஏமன் தொழிலாளர்களின் சலுகைகளை ரத்து செய்தது. லட்சக்கணக்கான ஏமனியர் வெளியேறினார்கள். அவர்கள் முஸ்லிம்கள், அரபி பேசுகிறவர்கள், பக்கத்து நாட்டுக்காரர்கள். ஒன்றும் உதவவில்லை. காலியான இடங்களுக்குத் தெற்காசியர்கள் போனார்கள். 1992 ஜனவரியில் நான் போனேன். ஆக, 'முஸ்லிம் நாட்டில் ஓர் இந்து' என்று என் கதையைத் தொடங்கினால் அந்தக் கதைக்குள் வெளியேற்றப்பட்ட அந்த முஸ்லிம்கள் தென்படமாட்டார்கள். என் சம்பளத்துக்கு முன்னால் வேறொருவனுடைய பெருநாள் கலைந்திருக்கிறது.

4

1994-இல் மனைவியும் ஐந்து வயது மகளும் வந்து சேர்ந்தார்கள். என் இக்காமாவில் 'கணக்காளர்' என்று எழுதியிருந்ததால் குடும்ப விசா கிடைத்தது. கிட்டத்தட்ட அதே சம்பளம் வாங்கிய விளாத்திகுளம் வெல்டர் ஒருவருக்குக் கிடைக்கவில்லை. அவருக்கு இரண்டாண்டுக்கு ஒருமுறைதான் ஊர். அவருடைய பண்டிகை என்பது வங்கி டிராஃப்ட், ஒரு கேசட். கேசட்டில் ஒரு பக்கம் அவர் பேசி அனுப்புவார். மறுபக்கம் வீட்டுக்காரம்மா பேசித் திருப்பி அனுப்புவார். பின்னணியில் பட்டாசுச் சத்தம் கேட்கும். 'புலம்பெயர் குடும்பம்' என்ற சொற்றொடரே ஒரு சலுகையின் பெயர் என்பதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். வளைகுடா சென்ற தமிழர்களில் பெரும்பாலோருக்கு அங்கே குடும்பமே கிடையாது, முகாம்தான்.

சவூதியில் பிற மதத்தவரின் பொது வழிபாட்டுக்கு அனுமதியில்லை. கோயில் இல்லை, தேவாலயம் இல்லை. நாலு சுவருக்குள் நடப்பது கண்டுகொள்ளப்படாமல் இருக்கலாம் என்ற ஒரு நிச்சயமின்மைதான் எங்களுக்குக் கிடைத்த சுதந்திரம். வாசலில் கோலம் கிடையாது. மகள் குளியலறைத் தரையில் சோப்புத் தூளால் கோலம் போட்டுப் பழகினாள். விளக்கு, ஜன்னல் திரைக்கு உட்பக்கம். ஊரிலிருந்து சாமி படம் கொண்டுவருவதற்குப் பயந்து, கோவில் காலண்டரின் தாளை மட்டும் கிழித்துக் கடலை மிட்டாய் பாக்கெட்டுக்கு உள்ளே மடித்து வைத்து அனுப்புவாள் என் தங்கை. இதில் நான் எதையும் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. மறைக்கவேண்டியிருப்பது என்பது அவமானம். குழந்தைக்கு "சத்தமாப் பாடாதம்மா" என்று சொல்லித்தரும்போது தொண்டையில் ஏதோ அடைக்கும். தேநீர்க் கடையில் கேட்ட இளைஞரின் வாக்கியத்தில் இவ்வளவு உண்மை இருக்கிறது.

ஆனால் எங்கள் தீபாவளியை உண்மையில் தடுத்தது எது? தீபாவளியன்று வேலை நாள், அவ்வளவுதான். காலை ஐந்தரைக்குக் கம்பெனி பஸ். எங்களுக்கு வாரத்தில் வெள்ளி ஒருநாள்தான் ஓய்வு. ஆகவே தீபாவளி, பொங்கல், பிள்ளைகளின் பிறந்தநாள் எல்லாம் அடுத்துவரும் வெள்ளிக்கிழமைக்கு நகர்ந்துவிடும். அமாவாசை கழிந்து வளர்பிறை வந்திருக்கும். என் மனைவி அதற்குப் பெயர் வைத்தாள்: வெள்ளிக்கிழமைத் தீபாவளி. பெரியவர்கள் ஜும்ஆ தொழுகைக்குப் போகிற அமைதியான முற்பகலில் நாங்கள் எண்ணெய் தேய்த்துக் குளித்தோம்.

ஒரு தேசத்தார் ஒரே நாளை ஒரே நேரத்தில் வாழ்வதாகக் கற்பிதம் செய்துகொள்வதே தேசம் என்று பெனடிக்ட் ஆண்டர்சன் (1983) விளக்கினார். நாங்கள் அந்த ஒரே நேரத்திலிருந்து மூன்று நாள், நான்கு நாள் பிந்தியவர்கள். அதற்காக இந்த நாட்டுக் காலத்துக்குள்ளும் நாங்கள் இல்லை. இங்கே ஆண்டு என்பதே வேறு. ஹிஜ்ரி ஆண்டுக்கு 354 நாள். ஒவ்வோர் ஆண்டும் பதினொரு நாள் முன்னால் நகர்ந்து, நோன்பு மாதம் எல்லாப் பருவத்தையும் சுற்றிவர ஏறக்குறைய 33 ஆண்டு. 2016 வரை அரசு ஊழியர் சம்பளமே அந்த மாதக் கணக்கில்தான். மழையோடும் விதைப்போடும் கட்டப்பட்ட காலண்டரோடு வளர்ந்த கரிசல்காட்டுக்காரனுக்கு இது முதலில் விளங்கவில்லை. "இவங்க பெருநாளுக்குப் பட்டம் கெடையாதா?" என்று என் மனைவி கேட்டாள். (பட்டம் என்றால் எங்கள் பக்கம் விதைப்புப் பருவம்.) பிற்பாடு யோசிக்கையில், பருவத்தில் கட்டுப்படாத அந்த நிலவுக் கணக்கில் ஒரு நியாயம் இருப்பதாகத் தோன்றியது. கோடையின் பதினான்கு மணிநேரப் பகல் நோன்பும் குளிர்காலத்துக் குறும்பகல் நோன்பும் ஒருவனுடைய ஆயுளில் மாறிமாறி வந்துவிடுகின்றன.

தம்மாமுக்கு அருகே அல்கோபர். அங்கிருந்து கடல்மேல் 25 கிலோமீட்டர் பாலம், 1986-இல் திறந்தது. அக்கரையில் பஹ்ரைன். மனாமாவின் கடைத்தெருவில், சிந்துவின் தட்டா நகரத்து பாட்டியா வணிகர்கள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்த கிருஷ்ணன் கோயில் இருக்கிறது. அரேபிய வளைகுடாவும் இந்து வழிபாடும் எண்ணெய்க்கு வெகுகாலம் முன்பே அறிமுகமானவை. முத்தும் பேரீச்சையும் துணியும் கைமாறிய வணிகத்தின் காலத்தவை. ஆக, 'முஸ்லிம் நாடு' என்ற ஒருமையே பொருந்தாது. பாலத்தின் இந்த முனையில் மறைக்கவேண்டிய விளக்கு அந்த முனையில் தெருவில் எரிகிறது. பாலத்தைக் கடக்க எனக்கு வேண்டியிருந்தது மதச் சான்றிதழ் அல்ல, வெளியேறித் திரும்பும் விசா. அதற்கு முதலாளியின் கையெழுத்து வேண்டும். கடவுச்சீட்டும் அவரிடம்தான் இருந்தது. ஓர் ஆண்டு கையெழுத்துக் கிடைத்தது, போனோம். இரண்டு ஆண்டுகள் கிடைக்கவில்லை. வருஷக் கடைசிக் கணக்கு முடியவில்லை என்பது காரணம். கஃபாலா எனப்படும் இந்தப் பொறுப்பாளர் முறை, தொழிலாளியின் உடலோடு அவனது நாட்களையும் சேர்த்தே எடுத்துக்கொண்டது. என் சாமியைத் தடுத்தது வேதநூல் அல்ல, ஒப்பந்தம்.

5

எங்களுக்கு எதிர் வீட்டில் காயல்பட்டினத்துக் குடும்பம். அந்த அம்மாவை நாங்கள் லாத்தா என்று கூப்பிடுவோம். நோன்பு மாதம் முழுக்க அஸர் தொழுகைக்குப் பிறகு ஒரு தூக்குச்சட்டி நோன்புக் கஞ்சி எங்கள் வீட்டுக்கு வரும். வெறும் தூக்குச்சட்டியைத் திருப்பித் தரக்கூடாது என்று என் மனைவி அதில் ஏதாவது போட்டு அனுப்புவாள். எங்கள் வெள்ளிக்கிழமைத் தீபாவளிக்கு லாத்தா வீட்டு அடுப்பிலும் முறுக்கு வெந்தது. எண்ணெய் வாசம் ஒரு வீட்டிலிருந்து மட்டும் வந்தால் கவனிப்பார்கள், இரண்டு வீட்டிலிருந்து வந்தால் ஒன்றுமில்லை என்பது லாத்தாவின் கணக்கு.

ஒருநாள் அவர் சொன்னார்: "நீங்க நெனைக்கிறீங்க தம்பி, இது எங்களுக்கு எங்க நாடுன்னு. எங்க ஊரு மௌலூது இங்க ஓத முடியாது. கந்தூரி, கொடியேத்தம் எதுவும் கெடையாது. கேட்டா, அதெல்லாம் மார்க்கத்துல இல்லாததும்பாங்க. ஊர்ல வாப்பா கையப் புடிச்சிப் போன பெருநாளு எங்களுக்கும் இங்க இல்ல."

அதுவரை நான் இதை யோசித்ததேயில்லை. நபி பிறந்தநாள் கொண்டாடுவதை மார்க்கத்தில் இல்லாத புதுமை என்று கருதும் நாடு அது. தம்மாமிலிருந்து கொஞ்ச தூரத்தில் கத்தீஃப். ஷியா முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் ஊர். 1979 நவம்பரில் தடையை மீறி அவர்கள் ஆஷூரா ஊர்வலம் எடுத்தார்கள். தேசியக் காவல் படை சுட்டது. பலர் செத்தார்கள். தங்கள் சொந்த மண்ணில், தங்கள் சொந்த மதத்தின் துக்கநாளை அனுசரிக்க முடியாத முஸ்லிம்கள் அவர்கள். தமிழ்நாட்டிலோ, திருப்புவனம் பக்கம் முதுவன்திடல் கிராமத்தில் இந்துக்கள் மொகரம் அன்று பூக்குழி இறங்குகிறார்கள். ஆக, சவூதி அரசு ஒடுக்கியது 'இந்துப் பண்டிகை'யை அல்ல, அரசு அங்கீகரித்த ஒற்றை வடிவத்துக்கு வெளியே உள்ள எல்லாப் பண்டிகைகளையும். ஒற்றைப் பண்பாடு என்று ஒரு நாடு முடிவெடுத்தால் முதலில் அடிபடுவது அதே மதத்தின் விளிம்பில் உள்ளவர்களே. இங்கே அப்படியொரு ஒற்றையை நிறுவத் துடிப்பவர்கள் சவூதியை எதிரியாகக் காட்டுகிறார்கள். செயலில் அதைத்தான் முன்மாதிரியாக வைத்திருக்கிறார்கள்.

'வளைகுடாப் பணம்' பற்றிய அச்சமும் நம் பக்கத்துக்குப் பழையது. 1981 பிப்ரவரியில் தென்காசிப் பக்கம் மீனாட்சிபுரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட தலித் குடும்பங்கள் இஸ்லாத்துக்கு மாறியபோது, பெட்ரோ டாலர் என்ற சொல்தான் நாடெங்கும் முழங்கியது. தெருவில் செருப்புப் போட்டு நடக்கமுடியாதவன் ஏன் மதம் மாறுகிறான் என்ற எளிய கேள்வியைக் கேட்காமலிருக்க அந்தச் சொல் உதவியது.

6

இப்போது நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

1995 ஆகஸ்ட் 31. அன்றைய சிதம்பரனார் மாவட்டத்தில், ஒட்டப்பிடாரம் வட்டாரத்துக் கொடியன்குளம். தலித் மக்கள் மட்டுமே வாழ்ந்த ஊர். அந்த ஊர் ஆண்கள் பலர் வளைகுடாவில் வேலைபார்த்து, பிள்ளைகளைப் படிக்கவைத்து, வீடு கட்டி, சாமான் சட்டு சேர்த்திருந்தார்கள். நூற்றுக்கணக்கான போலீசார் பட்டப்பகலில் ஊருக்குள் புகுந்தனர். டி.வி., மின்விசிறி, தையல் மிஷின், கிரைண்டர் எல்லாவற்றையும் உடைத்தார்கள். படிப்புச் சான்றிதழ்களையும் கடவுச்சீட்டுகளையும் கொளுத்தினார்கள். குடிநீர்க் கிணற்றில் விஷம் கலந்தார்கள். உடைக்கப்பட்ட பொருள்களின் பட்டியலைக் கவனித்தால் ஒன்று புரியும்: ஒவ்வொன்றும் யாரோ ஒருவன் ஏதோ ஒரு முகாமில் பண்டிகை இல்லாமல் கழித்த ஆண்டுகளின் உருவம். அந்த வன்முறை குறிவைத்தது சாமான்களை அல்ல, அந்த ஆண்டுகளை.

அந்த வருஷத் தீபாவளி திங்கட்கிழமை வந்தது. நாங்கள் கொண்டாடியது அக்டோபர் 27, வெள்ளி. வழக்கம்போல முகாமிலிருந்து ஊர்க்காரர்கள் ஆறேழு பேர் இட்லி சாப்பிட வந்தார்கள். விளாத்திகுளம், கயத்தாறு, எட்டயபுரம். அவர்களோடு ஒரு புதுப் பையனும் வந்திருந்தான். இருபத்திரண்டு வயசிருக்கும். ஓட்டப்பிடாரம் பக்கம் என்றான். நான் கேட்டேன், எந்த யோசனையும் இல்லாமல், பேச்சோடு பேச்சாக:

"ஊர்ல எந்தத் தெரு?"

தம்மாமில் எங்கள் குடியிருப்பில் தெரு என்று எதுவும் இல்லை. மூன்றாம் மாடியில் ஏழாம் எண் வீடு. மேலே சூடான்காரர், கீழே பாகிஸ்தான்காரர். மூவாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், திரை மூடிய அறையில், யாரோ பார்த்துவிடுவார்களோ என்று விளக்கைத் தணித்துவைத்துக்கொண்டு நான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். சாமி படம் கொண்டுவரத் தயங்கிய நான் அதைமட்டும் எந்தத் தயக்கமுமில்லாமல் கொண்டுவந்திருந்தேன். அதை எந்தச் சுங்கமும் பிடிக்கவில்லை.

அவன் இட்லியைப் பிய்த்துக்கொண்டே சொன்னான்: "தெருவெல்லாம் இப்ப இல்லண்ணாச்சி. போலீஸ் வந்துட்டுப் போயிருச்சு."

அறையில் யாரும் பேசவில்லை. கொடியன்குளமா, பக்கத்து ஊரா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. சாப்பிட்டு முடித்ததும் அவன் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினான். மற்ற ஆறு பேர் தட்டும் தரையில்தான் கிடந்தன. "நீங்க ஏன் தம்பி கழுவுறீங்க?" என்று என் மனைவி ஓடினாள். "பழக்கம் மதினி" என்றான். அடுத்த வெள்ளிக்கிழமைத் தீபாவளிக்கு அவன் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை என்பதையும் எழுதவேண்டும்.

'அங்க நம்மள ஒரு வெளக்கு ஏத்த விட்டானா' என்ற வாக்கியத்தில் 'நம்ம' என்பது யார்? என் விளக்கை ஒரு நாடு மறைக்கச் சொன்னது. அவனுடைய விளக்கை அவன் நாடே, அவன் ஊரிலேயே, அவன் கட்டிய வீட்டுக்குள்ளேயே உடைத்தது. ஊர்க் கொடையில் தேர் வராத தெரு அவனுடையது. டீக்கடையில் தனிக் குவளை அவனுடையது. பண்டிகை கொண்டாட முடியாமல்போவது என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள எனக்கு விமானம் தேவைப்பட்டது, அவனுக்குப் பிறப்பே போதுமானதாயிருந்தது. இந்த இரண்டையும் 'நம்ம' என்ற ஒரு சொல்லுக்குள் அடைப்பது அவனுடைய வலியைக் களவாடி என் அரசியலுக்குப் பயன்படுத்துவதாகும்.

7

பிற்பாடு நடந்தவை சுருக்கமாக. 2004-இல் தீபாவளி நோன்பு மாதத்தின் கடைசி நாட்களில் வந்தது. 2005-இல் நவம்பர் 1 தீபாவளி, நவம்பர் 3 பெருநாள். நிலவு மறைந்த நாளுக்கும் பிறை தெரிந்த நாளுக்கும் இடையே அவ்வளவுதான் தூரம். பெருநாள் விடுப்பு முன்கூட்டியே தொடங்கியதால் தீபாவளியன்றே தீபாவளி கொண்டாடினோம். பதினாறு வயது மகள் சொன்னாள்: "ரம்ஜான் புண்ணியத்துல நமக்கு லீவுப்பா." லாத்தாவும் காக்காவும் எங்களோடு இட்லி சாப்பிட முடியவில்லை, பகல் நோன்பு. நாங்கள் காத்திருந்து, மஃரிபு பாங்கு சொன்ன பிறகு எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். என் வாழ்க்கையின் நல்ல தீபாவளி அதுதான் என்று சொல்வேன். 2006-இல் ஊர் திரும்பினோம். அப்படியொரு சந்திப்பு மறுபடி வர முப்பது ஆண்டுக்கு மேலாகும்.

அங்கேயும் காலம் மாறியிருக்கிறது. 2013-இல் சவூதியின் வார விடுமுறை வெள்ளி, சனி என்றானது. 2016-இல் மதக் காவலர்களின் கைது செய்யும் அதிகாரம் நீக்கப்பட்டது. அபுதாபியில் 2024 பிப்ரவரி 14 அன்று பிரம்மாண்டமான இந்துக் கோயில் திறக்கப்பட்டது. துபாயில் தீபாவளிக்கு வாணவேடிக்கை நடக்கிறது. கூடவே 2017 ஜூலையில் சவூதி அரசு, உடனிருக்கும் குடும்பத்தார் தலைக்கு மாதம் 100 ரியால் என்று வரி விதித்து, ஆண்டுக்கு நூறு வீதம் ஏற்றி 2020-இல் 400 ஆக்கியது. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் என்றால் மாதம் 1200 ரியால். குடும்பம் குடும்பமாக ஊர் திரும்பினார்கள். பண்டிகைக்கான தடை தளர்ந்துவரும்போது பண்டிகை கொண்டாடும் குடும்பத்தின்மேல் வரி விழுகிறது. மதம் விட்டுக்கொடுக்கிறது, மூலதனம் கணக்குப் பார்க்கிறது. கணக்கு எழுதியவன் என்பதால் எனக்கு இதில் ஆச்சரியமில்லை.

கடையில் கேட்ட இளைஞருக்கு நான் இவ்வளவும் சொல்லவில்லை. "விட்டான், விடலைங்கிறது பெறகு. மொதல்ல சொல்லுங்க தம்பி, நம்ம ஊர்ல தீபாவளிக்கு நம்ம வீட்டுல இட்லி சாப்பிட யாரெல்லாம் வந்தாங்க?" என்று கேட்டேன். "சொந்தக்காரங்க" என்றார். "எந்தத் தெருக்காரங்க?" என்றேன். அவர் டீயைக் குடித்து முடித்து, கண்ணாடி கிளாசைப் பெஞ்சின்மேல் வைத்தார். பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்கும் தகுதி எனக்கு எவ்வளவு இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். முப்பது ஆண்டுகளுக்கு முன் அதையே நான் தவறான ஆளிடம் கேட்டவன். சரியான ஆளிடம் இப்போதாவது கேட்டுப் பார்க்கலாம் என்றுதான்.